மார்ல்பரோ கோமகன்

மார்ல்பரோ கோமகன் என்பது இங்கிலாந்தின் உயர்குடிப் பட்டங்களுள் ஒன்றாகும். 1702 ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று அரசி ஆன் தமது படைத்தலைவரான ஜான் சர்ச்சிலுக்கு இப்பட்டத்தை வழங்கினார். பிரித்தானிய உயர்குடிப் பட்டங்களில் மிகப்பெரும்பாலானவை தந்தையிடமிருந்து மகனுக்கு என ஆண்வழியில் மட்டுமே செல்பவை. ஆண்வழி முடிந்தால் பட்டமும் முடிந்துவிடும். மார்ல்பரோ பட்டத்துக்கும் அந்நிலையே ஏற்பட இருந்தது. பட்டம் கிடைத்துப் பத்து வாரங்கள் நிறைவதற்குள் சர்ச்சிலின் ஒரே மகன் பெரியம்மையால் இறந்தார். பட்டம் அழியாமல் இருக்க, அது மகள்களுக்கும் செல்லலாம் என்று 1706 இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. இன்றுவரை இப்பட்டம் நிலைத்திருப்பது அச்சட்டத்தினாலேயே ஆகும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஐக்கிய இராச்சியத்தின் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் இக்குடும்பத்தைச் சேர்ந்தவர். வேல்ஸ் இளவரசி டயானாவும் முதலாம் கோமகனின் வழித்தோன்றலே. ஒருவர் சர்ச்சில் என்றும் மற்றவர் ஸ்பென்சர் என்றும் அறியப்படுவதற்கான காரணம் இப்பட்டத்தின் வாரிசுரிமை வரலாற்றில் உள்ளது.

பெயரும் தரமும்

பிரித்தானிய உயர்குடியினர் ஐந்து தரங்களாக வகுக்கப்படுகின்றனர். கீழிருந்து மேலாக அவை பாரன், விஸ்கவுண்ட், ஏர்ல், மார்க்குவிஸ், டியூக் என்பனவாகும். டியூக் என்னும் தரமே தமிழில் கோமகன் என வழங்கப்படுகிறது. அரச குடும்பத்தினருக்கு அடுத்து மிக உயர்ந்த தரம் இது.

மார்ல்பரோ என்பது வில்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். ஆனால் கோமகன்களின் இருப்பிடமான பிளெனிம் அரண்மனை ஆக்ஸ்போர்ட்ஷயரில் உட்ஸ்டாக் என்னும் ஊரை ஒட்டி உள்ளது. பட்டத்தின் பெயரில் உள்ள ஊரைப் பட்டம் பெற்றவர் ஆளவேண்டும் என்பதில்லை, அங்கு வாழவேண்டும் என்பதும் இல்லை. மேலும், மார்ல்பரோ என்ற பெயரில் ஓர் ஏர்ல் பட்டம் 1626 இல் ஜேம்ஸ் லே என்பவருக்கு வழங்கப்பட்டு, 1679 இல் ஆண் வாரிசின்றி அற்றுப்போயிருந்தது. அதே பெயரில் புதிய ஏர்ல் பட்டம் 1689 இல் ஜான் சர்ச்சிலுக்குக் கிடைத்தது. இவ்வாறு ஒரே பெயரில் பட்டங்கள் அற்றுப்போவதும் பின்னர் வேறொரு குடும்பத்துக்குப் புதிதாக வழங்கப்படுவதும் பிரித்தானியாவில் வழக்கமானதே. இவ்விரு குடும்பங்களையும் ஒன்றாகக் கருதிக் குழம்பலாகாது.

பட்டம் உருவான வரலாறு

ஜான் சர்ச்சில் 1650 இல் பிறந்தார். இவருடைய தந்தையின் பெயரும் வின்ஸ்டன் சர்ச்சில் தான். உள்நாட்டுப் போரில் மன்னர் முதலாம் சார்லசின் பக்கம் நின்றதால் அக்குடும்பம் பொருள் இழந்திருந்தது. யார்க் கோமகனின் அரண்மனையில் பணியாளராகத் தொடங்கிய ஜான் படைத்துறையில் படிப்படியாக உயர்ந்தார். 1682 இல் ஸ்காட்லாந்தின் ஐமத் சர்ச்சில் பிரபு என்ற பட்டமும், யார்க் கோமகன் இரண்டாம் ஜேம்ஸ் என்னும் பெயரில் அரசரான 1685 இல் இங்கிலாந்தின் சான்ட்ரிட்ஜ் சர்ச்சில் பாரன் என்ற பட்டமும் பெற்றார். 1688 இல் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் படையுடன் வந்திறங்கியபோது, தம்மை உயர்த்திய ஜேம்சைக் கைவிட்டு வில்லியத்தின் பக்கம் சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே ஏர்ல் பட்டம் கிடைத்தது. எனினும் புதிய அரசர் இவரை முழுவதும் நம்பவில்லை; 1692 இல் சில வாரங்கள் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்.

இவருடைய மனைவி சாரா, அரசர் ஜேம்சின் இளைய மகளான ஆனின் நெருங்கிய தோழி. 1702 இல் ஆன் அரசியானதும் சர்ச்சில் இணையரின் செல்வாக்கு உச்சத்தை அடைந்தது. அவ்வாண்டில் தொடங்கிய போரில் பிரித்தானிய, டச்சுப் படைகளுக்குத் தலைமை ஏற்ற ஜான் முதற் பருவத்திலேயே வெற்றிகள் ஈட்டினார். ஸ்பெயின் அரியணை யாருக்கு உரியது என்பது பற்றிய அப்போர் ஸ்பானிய வாரிசுரிமைப் போர் எனப்படுகிறது. அதன் மிகப் பெரிய படைத்தலைவருடைய சொந்த வாரிசுரிமையே சிக்கலானது வரலாற்றின் விந்தை எனலாம்.

கோமகன் பட்டம் வரப்போகிறது என்று அறிந்த சாரா அதை விரும்பவில்லை. அத்தரத்துக்கு ஏற்ற செல்வம் தங்களிடம் இல்லை என்பது அவருடைய கவலை. அரசி தம் வாழ்நாள் வரை ஆண்டுக்கு 5,000 பவுண்டு வழங்க முன்வந்தார். அதைக் குடும்பத்துக்கு நிலையான உரிமையாக்குமாறு கேட்டபோது பொதுமக்கள் அவை மறுத்துவிட்டது. பட்டம் மட்டும், பிளான்ட்ஃபோர்ட் மார்க்குவிஸ் என்னும் துணைப் பட்டத்தோடு, டிசம்பரில் வழங்கப்பட்டது.

இணையரின் மகன்களில் ஒருவர் குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். எஞ்சிய மகன் ஜான், பட்டம் வந்ததால் பிளான்ட்ஃபோர்ட் மார்க்குவிஸ் என அழைக்கப்பட்டவர், கேம்பிரிட்ஜில் பயின்று வந்தார். 1703 பிப்ரவரியில் பெரியம்மை கண்டு அங்கேயே இறந்தபோது அவருக்கு வயது பதினேழுதான். அம்மை குத்தும் முறை இங்கிலாந்தில் பரவியிராத காலம் அது. இப்போது இணையருக்கு ஹென்ரியெட்டா, ஆன், எலிசபெத், மேரி என நான்கு மகள்கள் மட்டுமே இருந்தனர்.

1706 ஆம் ஆண்டுச் சட்டம்

1702 இல் வழங்கப்பட்ட பட்டயத்தின்படி, பட்டம் முதலாம் கோமகனின் உடல்வழி ஆண் வாரிசுகளுக்கு மட்டுமே உரியது. மகன், மகனின் மகன் என்று செல்லும் வழி அது. மகளுக்கோ, மகள் வயிற்றுப் பேரனுக்கோ அதில் இடமில்லை. ஒருமுறை வழங்கப்பட்ட பட்டயத்தின் வாரிசு விதியை அரசர் தாமாக மாற்றிவிட முடியாது. புதிய பட்டயம் ஒன்றை வழங்கலாம். ஆனால் அது புதிய பட்டமாகவே கருதப்பட்டு, முன்னுரிமை வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படும். பழைய பட்டத்தையே அதன் பழைய தேதியோடு காப்பாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றச் சட்டம் தேவை.

1703 இல் அத்தகைய சட்டம் கேட்கும் நிலையில் சர்ச்சில் இல்லை. நிலைமையை மாற்றியவை போர்க்களங்களே. 1704 ஆகஸ்ட் 13 அன்று பவேரியாவில் தன்யூப் ஆற்றங்கரையில் இருந்த பிளின்ட்ஹைம் என்னும் சிற்றூருக்கு அருகில், ஆஸ்திரியப் படைத்தலைவரான சவாய் இளவரசர் யூஜினோடு சேர்ந்து பிரெஞ்சு, பவேரியப் படைகளை அவர் முறியடித்தார். அவ்வூரின் பெயரே ஆங்கிலத்தில் பிளெனிம் ஆயிற்று. 1706 மே மாதத்தில் ராமிலி என்னுமிடத்தில் மற்றொரு பெரிய வெற்றி கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் கூடிய நாடாளுமன்றம், நான்கு ஆண்டுகளுக்கு முன் மறுத்த ஓய்வூதியத்தையும் நிலையாக்கியது, வாரிசு விதியையும் மாற்றியது.

சட்டம் வகுத்த வரிசை கவனித்துப் படிக்க வேண்டிய ஒன்றாகும். முதலில் கோமகனின் சொந்த ஆண் வாரிசுகள். அப்படி யாரும் இல்லையெனில் மூத்த மகளும் அவருடைய ஆண்வழி வாரிசுகளும். அவ்வழி அற்றால் இரண்டாம் மகளும் அவருடைய ஆண்வழி வாரிசுகளும். இவ்வாறே மூன்றாம், நான்காம் மகள்கள். நான்கு மகள்களின் ஆண்வழிகளும் முற்றிலும் அற்றுப்போனால் மட்டுமே மூத்த மகளின் மகள், அவருடைய ஆண்வழி என்று வரிசை மீண்டும் தொடங்கும். முதலாம் கோமகனின் வழித்தோன்றல் ஒருவரேனும் உலகில் இருக்கும்வரை பட்டம் அழியக்கூடாது என்பதே சட்டத்தின் நோக்கம்.

இது பெண்களுக்குச் சமவுரிமை அளித்த சட்டமன்று. வழி அறுந்துபோகும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெண் வழியாக அதை மறுபடி ஆணிடம் கொண்டுசேர்ப்பதே அது செய்த ஏற்பாடு. மகள் பட்டம் பெறலாம், அவருடைய மகன் பெறலாம். ஆனால் அவருடைய மகள் தன் சித்திகளுக்கும் அவர்களுடைய மகன்களுக்கும் பின்னால் காத்திருக்க வேண்டும். இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பது 27 ஆண்டுகளில் தெரியவந்தது.

இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் சட்டம் ஸ்காட்லாந்துப் பட்டத்தைக் கட்டுப்படுத்தாது. எனவே ஐமத் சர்ச்சில் பிரபு என்னும் ஸ்காட்லாந்துப் பட்டம் மட்டும் 1722 இல் முதலாம் கோமகனோடு அற்றுப்போனது. சட்டம் இல்லாதிருந்தால் மற்றப் பட்டங்களின் கதியும் அதுவாகவே இருந்திருக்கும்.

இரண்டாவதாகப் பட்டம் பெற்ற ஹென்ரியெட்டா

1722 ஜூன் 16 அன்று முதலாம் கோமகன் இறந்ததும், மூத்த மகள் ஹென்ரியெட்டா தம் சொந்த உரிமையில் மார்ல்பரோ கோமகள் ஆனார். இங்கு ஒரு விளக்கம் தேவை. கோமகனை மணந்த பெண்ணும் கோமகள் என்றே அழைக்கப்படுவார். அது கணவர் வழி வந்த மரியாதை மட்டுமே. ஹென்ரியெட்டாவின் நிலை வேறு. பட்டம் அவருடையது, அவருடைய கணவரான கொடால்பின் ஏர்ல் அதனால் கோமகன் ஆகவில்லை. இப்பட்டத்தின் வரலாற்றில் அதனைச் சொந்த உரிமையில் தாங்கிய பெண் இவர் ஒருவரே.

பட்டம் வந்தபோதிலும் அரண்மனை வரவில்லை. பிளெனிம் அரண்மனை, விதவையான சாராவின் வாழ்நாள் உரிமையில் இருந்தது. தாய்க்கும் மகளுக்கும் பல ஆண்டுகளாகவே பேச்சு இல்லை. நாடகாசிரியர் வில்லியம் காங்கிரீவுடன் ஹென்ரியெட்டாவுக்கு இருந்த நெருக்கமும் தாயின் சினத்துக்கு ஒரு காரணம். 1729 இல் இறந்த காங்கிரீவ் தம் சொத்தின் பெரும்பகுதியை அவருக்கே எழுதிவைத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் காங்கிரீவின் நினைவுச் சின்னத்தை நிறுவியவரும் ஹென்ரியெட்டாவே. ஆக, ஒரே காலத்தில் இரு மார்ல்பரோ கோமகள்கள் இருந்தனர். ஒருவரிடம் பட்டம், மற்றவரிடம் வீடு.

ஹென்ரியெட்டாவின் மகன் வில்லியம் 1731 இல் குழந்தைகள் இன்றித் தாய்க்கு முன்பே இறந்தார். 1733 அக்டோபரில் ஹென்ரியெட்டா இறந்தபோது அவருக்கு இரு மகள்கள் இருந்தனர். மூத்தவர் நியூகாசில் கோமகனின் மனைவி. சாதாரணமாகப் பார்த்தால் அடுத்த உரிமை தாயிடமிருந்து அம்மகளுக்குச் செல்லவேண்டும் என்றே தோன்றும். ஆனால் சட்டத்தின் வரிசைப்படி பட்டம் அவர்களைக் கடந்து, 1716 இலேயே இறந்துவிட்ட இரண்டாம் மகள் ஆனின் மகனிடம் சென்றது. பெண்ணுக்காக இயற்றப்பட்ட சட்டமே பெண்களைத் தாண்டிச் செல்லவும் வழிசெய்தது. அதன்பின் இன்றுவரை எந்தப் பெண்ணும் இப்பட்டத்தைச் சொந்த உரிமையில் பெறவில்லை.

ஸ்பென்சர் கிளை

இரண்டாம் மகள் ஆன், சண்டர்லாண்ட் ஏர்ல் ஆன சார்லஸ் ஸ்பென்சரை மணந்திருந்தார். அவர்களுடைய மூத்த மகன் இராபர்ட் 1729 இல் இறந்ததால், அடுத்த மகன் சார்லஸ் ஐந்தாம் சண்டர்லாண்ட் ஏர்லாக இருந்தார். அவரே 1733 இல் மூன்றாம் மார்ல்பரோ கோமகன் ஆனார். ஸ்பென்சர் குடும்பத்தின் பழைய நிலங்கள் கோமகன் பட்டத்தோடு சேராமல் இளைய உடன்பிறப்பான ஜான் ஸ்பென்சருக்குச் சென்றன. நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள ஆல்தோர்ப் மாளிகையும் அவற்றுள் ஒன்று. ஜானின் மகன் 1765 இல் ஸ்பென்சர் ஏர்ல் பட்டம் பெற்றார். இளவரசி டயானா பிறந்தது அந்தக் கிளையில்தான். பரம்பரைக் கணக்கில் மூத்த கிளை மார்ல்பரோ. இளைய கிளை ஆல்தோர்ப். எனினும் ஸ்பென்சர் என்றதும் மக்கள் நினைவுக்கு வருவது இளைய கிளையே.

மூன்றாம் கோமகன் பிளெனிமைப் பெற மேலும் 11 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. சாரா 1744 அக்டோபரில் தமது 84 ஆம் வயதில்தான் காலமானார். கோமகன் பின்னர் படைத்துறையில் பணியாற்றி, 1758 இல் ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரில் நோயுற்று இறந்தார். நான்காம் கோமகனான ஜார்ஜ் ஏறத்தாழ 60 ஆண்டுகள் பட்டத்தில் இருந்தார். பிளெனிம் பூங்காவை இன்றைய வடிவில் அமைத்து, பெரிய ஏரியை உருவாக்கிய தோட்டக்கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுன் பணியாற்றியது இவர் காலத்தில்தான்.

1733 முதல் இக்கோமகன்களின் குடும்பப் பெயர் ஸ்பென்சர் என்பதாகவே இருந்தது. சர்ச்சில் என்னும் பெயர் பட்டத்தோடு ஒட்டாமல் போயிற்று. 1817 இல் பட்டமேற்ற ஐந்தாம் கோமகன், முதலாம் கோமகனின் பெயர் மறைந்துவிடக் கூடாதென்று, அரச உரிமம் பெற்று ஸ்பென்சர்-சர்ச்சில் என்ற இரட்டைப் பெயரைச் சூடிக்கொண்டார். வின்ஸ்டன் சர்ச்சிலின் முழுக் குடும்பப் பெயரும் இதுவே.

செல்வம் கரைந்த நூற்றாண்டு

இந்த ஐந்தாம் கோமகன் புத்தகங்களுக்கும் அரிய செடிகளுக்கும் அளவின்றிச் செலவிட்டவர். 1812 இல், தந்தை உயிருடன் இருந்த காலத்தில், பொக்காச்சியோவின் டெக்காமரன் நூலின் 1471 ஆம் ஆண்டுப் பதிப்பை ஏலத்தில் 2,260 பவுண்டுக்கு வாங்கினார். ஒரு புத்தகத்துக்கு அதுவரை எவரும் கொடுத்திராத விலை அது. ஏழு ஆண்டுகளில் கடனுக்காக விற்கவேண்டி வந்தபோது கிடைத்தது 918 பவுண்டு. ரெடிங் நகருக்கு அருகில் அவர் தோட்டங்கள் அமைத்த வைட்நைட்ஸ் பண்ணையும் கைமாறியது. அவ்விடத்தில் இன்று ரெடிங் பல்கலைக்கழகம் உள்ளது.

ஏழாம் கோமகன் ஜான் வின்ஸ்டன், 1876 முதல் 1880 வரை அயர்லாந்தில் அரசப் பிரதிநிதியாகப் பணியாற்றியவர். அவர் 1875 இல் குடும்பத்தின் புகழ்பெற்ற செதுக்கு மணிகளை விற்றார். மூன்றாம் சண்டர்லாண்ட் ஏர்ல் சேர்த்துவைத்த மாபெரும் நூலகத்தை விற்பதற்குச் சட்டத்தின் அனுமதி தேவைப்பட்டது. அது கிடைத்ததும் 1881 முதல் ஏலம் தொடங்கிற்று. எட்டாம் கோமகன் ஓவியங்களை விற்றார். ரபேலின் அன்சிடேய் மடோனா ஓவியத்தை 1885 இல் இலண்டன் தேசிய ஓவியக்கூடம் 70,000 பவுண்டுக்கு வாங்கியது. 1706 இல் நிலையாக்கப்பட்ட ஓய்வூதியத்தையும், நாடாளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்புகளிடையே, 1884 இல் ஓர் இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட தொகையை ஒரே தடவையாகக் கொடுத்து அரசு முடித்துக்கொண்டது. பட்டம் கிடைக்குமுன் சாரா கொண்ட கவலை வீணானதன்று.

ஒன்பதாம் கோமகன் சார்லஸ், 1895 நவம்பரில் அமெரிக்க இரயில்பாதைச் செல்வர் குடும்பத்தைச் சேர்ந்த கான்சுவெலோ வாண்டர்பில்டை நியூயார்க்கில் மணந்தார். மணமகள் 18 வயதினர், வேறொருவரை விரும்பியிருந்தவர். தாயின் கட்டாயத்தால் இம்மணத்துக்கு இணங்கினார். மணக்கொடையாக 25 இலட்சம் டாலர் மதிப்புள்ள இரயில்பாதைப் பங்குகள் கோமகனுக்குக் கிடைத்தன. பிளெனிமின் கூரையும் தோட்டமும் செப்பமுற்றன. மணவாழ்வு சிறக்கவில்லை. 1906 இல் பிரிந்த இருவரும் 1921 இல் மணவிலக்குப் பெற்றனர். 1926 இல் உரோமைத் திருச்சபையின் நீதிமன்றம், மணமகள் கட்டாயப்படுத்தப்பட்டார் என்ற காரணத்தால் அத்திருமணமே செல்லாது என்று தீர்ப்பளித்தது.

வின்ஸ்டன் சர்ச்சில் வாரிசாக இருந்த காலம்

ஏழாம் கோமகனின் மகன்களுள் முதிர்ந்த வயதுவரை வாழ்ந்தவர் இருவர். மூத்தவர் எட்டாம் கோமகன் ஆனார். இளையவர் அரசியல்வாதியான ராண்டால்ஃப் சர்ச்சில் பிரபு. ராண்டால்ஃபின் மூத்த மகன் வின்ஸ்டன் 1874 நவம்பர் 30 அன்று பிளெனிம் அரண்மனையிலேயே பிறந்தார்.

1892 இல் எட்டாம் கோமகன் இறந்தபோது, பட்டமேற்ற அவருடைய மகனுக்கு மணமாகியிருக்கவில்லை. எனவே ராண்டால்ஃப் உத்தேச வாரிசானார். அவர் 1895 சனவரியில் இறக்கவே, 20 வயது வின்ஸ்டன் அவ்விடத்துக்கு வந்தார். உத்தேச வாரிசு என்பவர், பட்டதாரருக்கு ஒரு மகன் பிறக்கும்வரை மட்டுமே வாரிசாக இருப்பவர். அதனால்தான் வின்ஸ்டன் ஒருபோதும் பிளான்ட்ஃபோர்ட் மார்க்குவிஸ் என அழைக்கப்படவில்லை. அப்பெயர் எவராலும் விலக்கப்பட முடியாத நிச்சய வாரிசுக்கே உரியது.

பிளெனிமுக்கு வந்த புதுமணப்பெண் கான்சுவெலோவிடம், ஏழாம் கோமகனின் விதவை, விரைவில் ஓர் ஆண்மகனைப் பெறவேண்டும் என்றும் வின்ஸ்டன் கோமகனாவதைத் தம்மால் பொறுக்க முடியாது என்றும் கூறியதாகக் கான்சுவெலோ 1952 இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அவ்விதவை வேறு யாருமல்லர், வின்ஸ்டனின் சொந்தப் பாட்டியே.

1896 இல் வின்ஸ்டன் தம் படைப்பிரிவுடன் பெங்களூர் வந்தார். அடுத்த ஆண்டு விடுப்பில் வடமேற்கு எல்லைப்புறம் சென்று, 1897 செப்டம்பர் 16 அன்று மாமுந்து பள்ளத்தாக்கில் நடந்த கடும் சண்டையில் உயிர் தப்பினார். இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 18 அன்று, கான்சுவெலோவுக்கு மகன் பிறந்தான். வின்ஸ்டனின் வாரிசு நிலை அன்றோடு முடிந்தது.

அம்மகன் பிறவாதிருந்தால் 1934 இல் ஒன்பதாம் கோமகன் இறந்ததும் பட்டம் வின்ஸ்டனுக்கு வந்திருக்கும். அக்காலத்தில் பரம்பரைப் பட்டத்தைத் துறப்பதற்குச் சட்டத்தில் வழியில்லை. 1963 இல்தான் அவ்வுரிமை ஏற்பட்டது. அன்று பட்டம் பெற்றவர் பொதுமக்கள் அவையில் அமரவும் முடியாதிருந்தது. 1940 மே மாதத்தில் பிரதமர் பதவிக்கு அவருடைய பெயரோடு பேசப்பட்ட ஹாலிஃபாக்ஸ் பிரபுவுக்கு, அவர் பிரபுக்கள் அவையைச் சேர்ந்தவர் என்பதே ஒரு தடையாக இருந்தது. வின்ஸ்டனும் அதே நிலையில் இருந்திருப்பார்.

நிலமும் அரண்மனையும்

பட்டமும் நிலமும் வெவ்வேறு விதிகளால் செல்பவை. பல குடும்பங்களில் பட்டம் ஒருவரிடமும் சொத்து மற்றொருவரிடமும் போய்ச்சேர்வதுண்டு. மார்ல்பரோ குடும்பத்தில் இவ்விரண்டையும் நாடாளுமன்றமே பிணைத்துவைத்தது. உட்ஸ்டாக்கிலிருந்த அரச நிலத்தை 1705 இல் அரசி வழங்க, அங்கு ஜான் வான்புரூ, நிக்கோலஸ் ஹாக்ஸ்மூர் ஆகிய கட்டடக் கலைஞர்கள் அரண்மனையை எழுப்பினர். அரசியுடன் சாரா பிணங்கிய பின், 1712 இல் அரசுப் பணம் நின்றது. மீதிப் பணி குடும்பத்தின் செலவிலேயே முடிக்கப்பட்டது.

இந்நிலத்துக்கான வாடகை ஒரு கொடி. பிளெனிம் போரின் நினைவு நாளான ஆகஸ்ட் 13 இல், பிரெஞ்சு அரச மரபின் மூன்று அல்லி மலர்கள் பொறித்த கொடியொன்றை ஆண்டுதோறும் வின்ட்சர் கோட்டையில் மன்னருக்கு அளிக்க வேண்டும்.

1706 ஆம் ஆண்டுச் சட்டம் சொத்தையும் வாரிசு வரிசையில் கட்டியதால், அதன் நிருவாகத்தை மாற்ற எண்ணியபோது நீதிமன்றம் செல்லவேண்டியதாயிற்று. பிற்காலச் சட்டமொன்றைக் கொண்டு அந்தப் பழைய ஏற்பாட்டை மாற்றி, அரண்மனையையும் நிலத்தையும் புதிய அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் வைக்கலாமா என்ற வழக்கில், மாற்றலாம் என்று 1994 இல் இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 290 ஆண்டுகள் முந்திய சட்டமொன்று நவீன நீதிமன்றத்தில் வரிவரியாக ஆராயப்பட்ட நிகழ்வு இது.

பத்தாம் கோமகன் 1950 இல் அரண்மனையைக் கட்டணத்துக்குப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1987 இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

துணைப் பட்டங்கள்

கோமகன் தம் முதன்மைப் பட்டத்தோடு பிளான்ட்ஃபோர்ட் மார்க்குவிஸ் (1702), சண்டர்லாண்ட் ஏர்ல் (1643), மார்ல்பரோ ஏர்ல் (1689), வார்ம்லெய்ட்டன் ஸ்பென்சர் பாரன் (1603), சான்ட்ரிட்ஜ் சர்ச்சில் பாரன் (1685) ஆகிய பட்டங்களையும் உடையவர். இவற்றுள் சண்டர்லாண்ட், வார்ம்லெய்ட்டன் பட்டங்கள் ஸ்பென்சர் வழியாக வந்தவை. அவை ஆண்வழிக்கு மட்டுமே உரியவை. என்றேனும் கோமகன் பட்டம் ஒரு பெண்ணுக்குச் செல்லுமாயின் இவ்விரண்டும் அதனோடு செல்லமாட்டா.

கோமகனின் மூத்த மகன் மரியாதை கருதிப் பிளான்ட்ஃபோர்ட் மார்க்குவிஸ் என்றும், அவருடைய மூத்த மகன் சண்டர்லாண்ட் ஏர்ல் என்றும் அழைக்கப்படுவர். எனவே ஒரே மனிதர் வாழ்நாளில் பெயர் மாறிக்கொண்டே வருவார். 1926 இல் பிறந்த பதினோராம் கோமகன், 1934 வரை சண்டர்லாண்ட் ஏர்ல். 1972 வரை பிளான்ட்ஃபோர்ட் மார்க்குவிஸ். அதன்பின் 2014 இல் இறக்கும்வரை மார்ல்பரோ கோமகன். பழைய கடிதங்களையும் ஆவணங்களையும் படிப்போர் ஆண்டைக் கவனியாவிடில் தந்தையையும் மகனையும் மாற்றிப் புரிந்துகொள்ள நேரிடும்.

பரம்பரைப் பிரபுக்களிற் பெரும்பாலோர் பிரபுக்கள் அவையில் அமரும் உரிமையை 1999 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. மார்ல்பரோ கோமகன்களின் அவை உரிமையும் அத்தோடு முடிந்தது. பதினோராம் கோமகனின் மகன் 2014 இல் பன்னிரண்டாம் கோமகன் ஆனார்.

பெண்வழிக்கு இன்றுள்ள வாய்ப்பு

1706 ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இப்பட்டத்தை ஆள்கிறது. ஆயினும் ஒரு கோமகனுக்கு மகள்கள் மட்டுமே இருந்தால் மூத்த மகள் பட்டம் பெறுவார் என்று எண்ணுவது பிழையாகும். மேலே சொல்லப்பட்ட வரிசைப்படி, இப்போது பட்டம் இரண்டாம் மகள் ஆனின் ஆண்வழியில் உள்ளது. அவ்வழியில் வந்த ஆண்கள் அனைவரும் இல்லாது போனால்தான் பெண்வழி பற்றிய பேச்சே எழும். நான்காம் கோமகனின் இளைய மகனிடமிருந்து வந்த சர்ச்சில் பாரன் குடும்பத்தாரும், ஆல்தோர்ப்பின் ஸ்பென்சர் ஏர்ல்களும் ஆனின் ஆண்வழியினரே. ஆகவே சட்டப்படி திறந்தே உள்ள கதவு நடைமுறையில் மிகத் தொலைவில் உள்ளது.

மகள் பட்டம் பெறுவதற்குச் சிறப்பு விதி அமைத்த பிற்காலப் பட்டங்களும் உள்ளன. இந்தியாவின் கடைசி அரசப் பிரதிநிதியான மவுண்ட்பேட்டனுக்கு 1947 இல் வழங்கப்பட்ட ஏர்ல் பட்டம் அவற்றுள் ஒன்று. மகன்கள் இல்லாத அவர் 1979 இல் கொல்லப்பட்டபோது மூத்த மகள் பட்ரீசியா அதைப் பெற்றார். 2017 இல் அவர் இறந்ததும் அது அவருடைய மகனுக்குச் சென்றது.

பெயர் தாங்கிய இடங்கள்

இலண்டனில் சாரா கட்டுவித்த மார்ல்பரோ மாளிகை கிறிஸ்டோபர் ரென்னின் வடிவமைப்பில் 1711 இல் முடிவுற்றது. குத்தகை நிலத்தில் அமைந்ததால் 1817 இல் அரசுடைமைக்குத் திரும்பியது. 1965 முதல் பொதுநலவாய நாடுகளின் செயலகம் அங்கு இயங்கி வருகிறது.

சுமத்ராவின் பெங்குலு நகரில் உள்ள மார்ல்பரோ கோட்டை முதலாம் கோமகனின் பெயர் கொண்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அக்கோட்டையின் கட்டுமானத்தைத் தொடங்கிய ஜோசப் கோலெட் பின்னர் 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்தார். சென்னையில் திருவொற்றியூரை ஒட்டி நெசவாளர்களுக்காக அவர் அமைத்த குடியிருப்பு கோலெட்பேட்டை எனப்பட்டது. அப்பெயர் மருவியே இன்று காலடிப்பேட்டை என வழங்குகிறது.